வெட்டிய பிறகுதான் வேலை: வைகைப் பகுதியில் பரவும் அந்நியத் தாவரங்கள்

வைகை அணையின் உச்ச நீர்மட்டம் 71 அடி. கோடையில் மட்டம் இறங்க இறங்க, நீர் நின்ற இடமெல்லாம் ஈர வண்டலாக வெளியே தெரியும். ஆடு மாடுகளுக்கு அது நல்ல மேய்ச்சல் நிலம். அந்த வண்டலில் புல்லோடு புல்லாகச் சீமைக் கருவேலங் கன்றுகளும் தலைகாட்டுகின்றன. ஆண்டிபட்டி, தேனி சாலை ஓரங்களிலும் தரிசுகளிலும் வெள்ளைப் பூப் பூத்து நிற்கிறது பார்த்தீனியம். சாக்கடை கலக்கும் குளங்களிலும் கண்மாய்களிலும் தண்ணீரே தெரியாதபடி மூடிக் கிடக்கிறது வெங்காயத்தாமரை. மேலே வருசநாடு, மேகமலைச் சரிவுகளில் உன்னிச்செடி. இந்த நான்கில் ஒன்றுகூட இந்த மண்ணுக்குச் சொந்தமானது அல்ல. நான்குமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை.

வைகை அணை 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வருசநாட்டு மலை நீரும், சுரங்கப் பாதை வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் முல்லைப் பெரியாற்று நீரும், போடிப் பக்கத்துக் கொட்டகுடி ஆற்று நீரும் இங்கே வந்து சேர்கின்றன. இங்கிருந்து திறக்கும் நீர் திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வரை போகிறது. எனவே அணைக்கு மேலே ஓடையில் விழும் களை விதை மேட்டு விவசாயியின் தொல்லையோடு நின்றுவிடுவதில்லை. தண்ணீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகிறது.

இந்தத் தாவரங்களை ஒழிக்க ஆண்டுதோறும் பணமும் உழைப்பும் செலவாகின்றன. ஆயினும் மூன்று ஆண்டுகளில் பழைய இடத்திலேயே பழைய காடு நிற்கிறது. இதற்குக் காரணம் முயற்சிக் குறைவு என்பதைவிட, வெட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதே ஆகும்.

வெளியிலிருந்து வந்தவை எல்லாம் கேடா?

அப்படிச் சொல்ல முடியாது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, பப்பாளி, முந்திரி ஆகிய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் முன்னோரும் வெளிநாட்டுக் கொடியே. இவை மனிதன் விதைத்தால் முளைக்கும், விட்டுவிட்டால் அழியும். ஆகவே இவற்றால் தொல்லை இல்லை.

தொல்லை தருபவை தாமாகப் பரவும் தாவரங்கள். இவற்றிடம் மூன்று பொதுக் குணங்கள் உண்டு. முதலாவது, அளவுக்கு மிஞ்சிய விதை அல்லது வேகமான இனப்பெருக்கம். இரண்டாவது, பிறந்த நாட்டில் இவற்றைத் தின்று அளவோடு வைத்திருந்த பூச்சிகளும் நோய்களும் இங்கே வந்து சேரவில்லை. மூன்றாவது, இவற்றின் இலையை ஆடு மாடுகள் விரும்பித் தின்பதில்லை. ஆடு மாடு நல்ல செடியைத் தின்றுவிட்டு இதை மட்டும் விட்டுவைப்பதால், மேய்ச்சல் கூடக்கூட இதற்குத்தான் இடம் கிடைக்கிறது.

சீமைக் கருவேலம் வந்த கதை

நான்கிலும் முக்கியமானது சீமைக் கருவேலம். வேலிக்காத்தான், சீமைக் கருவை என்றும் இதற்குப் பெயர். 1877ஆம் ஆண்டு வாக்கில் ஜமைக்காத் தீவிலிருந்து விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் கமலாபுரம் என்ற இடத்தில் இதை வளர்த்தனர். வறண்ட நாட்டில் விறகு வேண்டும் என்பதே நோக்கம். விடுதலைக்குப் பிறகு 1950, 60களிலும் இராமநாதபுரம் போன்ற வறட்சிப் பகுதிகளில் அரசு ஆதரவோடு இது பரப்பப்பட்டது. அந்த நாளில் அது தவறாகத் தெரியவில்லை. ஏழை வீட்டு அடுப்பு எரிந்தது, வேலி கிடைத்தது, கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் பிழைத்தன. இன்றும் செங்கல் சூளைக்கும் கரிக்கும் இது பயன்படுகிறது. இந்த நன்மையை மறைத்துவிட்டுப் பேசினால், ஒழிப்பு வேலைக்கு ஊரில் பாதிப் பேரின் ஒத்துழைப்பு கிடைக்காது.

இதே கதை ஆப்பிரிக்காவிலும் நடந்தது. கென்யா நாட்டில் பாரிங்கோ ஏரியைச் சுற்றி 1980களின் தொடக்கத்தில் விறகுக்காக இந்த மரத்தை நட்டனர். இருபது ஆண்டுகளில் ஏரிக்கரை மேய்ச்சல் நிலம் முள்காடாயிற்று. இனிப்பான காயை மட்டுமே தின்ற ஆடுகளுக்குப் பல் சொத்தையாகி விழுந்தது. 2006இல் அப்பகுதி மக்கள் வழக்குத் தொடர்ந்தபோது, பல் இழந்த ஓர் ஆட்டையே சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நீர் ஏறி இறங்கும் கரை, ஆடு மாடு, ஏழை மேய்ப்பர் என்று பார்த்தால் வைகை அணைக்கரைக்கும் பாரிங்கோவுக்கும் வேறுபாடு குறைவே.

விதை எப்படிப் பயணம் செய்கிறது?

சீமைக் கருவேலங் காய் மஞ்சளாக, சதைப்பற்றோடு, இனிப்பாக இருக்கும். ஆடு மாடுகள் காயை விரும்பித் தின்னும். சதை செரிக்கும், விதை செரிக்காது. விதையின் மேலோடு மிகக் கடினமானது. வயிற்றுக்குள் அந்த ஓடு ஓரளவு இளகி, சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வரும்போது முளைக்கத் தயாராக இருக்கிறது. எருவும் கூடவே இருப்பதால் கன்று கொழுத்து வளர்கிறது. முளைக்காத விதை மண்ணில் பத்து ஆண்டுகளுக்குக்கூட உயிரோடு கிடக்கும்.

கோடையில் வயலில் ஆட்டுக்கிடை போடுவது நல்ல வழக்கம். நிலத்துக்கு அதைவிடச் சிறந்த எரு இல்லை. ஆனால் கீதாரிகள் ஓட்டிவரும் மந்தை வழியெல்லாம் சீமைக் கருவேலங் காயைத் தின்று வந்திருந்தால், எருவோடு விதையும் வயலுக்குள் வந்துவிடும். இதற்காகக் கிடையை நிறுத்த வேண்டியதில்லை. கிடை போட்ட வயலில் முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்து பார்த்து, விரல் உயரக் கன்றுகளைக் களைக்கொத்தால் எடுத்துவிட வேண்டும். சொந்த ஆடுகளாக இருந்தால், காய் தின்ற இடத்திலிருந்து வந்ததும் ஒரு வாரம் பட்டியிலேயே வைத்திருந்து, பிறகு சுத்தமான வயலுக்கு ஓட்டலாம்.

காயைத் தீவனமாக்க விரும்புவோர் அதை நன்கு காயவைத்து மாவாக அரைத்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலக்கலாம். அரைக்கும்போது விதையும் நொறுங்குவதால் பரவ வழியில்லை.

இன்னொரு வழி தரிசு. கம்பம், போடி, உத்தமபாளையம் ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவோர் ஏராளம். உள்ளூரில் ஆள் கிடைக்காத புன்செய் தரிசாகிறது. தரிசான முதல் ஆண்டு கன்று முழங்கால் உயரம், களைக்கொத்து போதும். இரண்டாம் ஆண்டு மண்வெட்டியும் கடப்பாரையும் வேண்டும். நான்காம் ஆண்டு பொக்லைன் இயந்திரம் வேண்டும். அப்போது ஒழிக்கும் செலவு அந்த நிலத்தின் பல ஆண்டு வருமானத்தைத் தின்றுவிடும். பிறகு அந்த நிலம் விற்பனைக்கு வரும். தாத்தா மொச்சையும் சோளமும் எடுத்த நிலம் இப்படித்தான் கைவிட்டுப் போகிறது.

வெட்டினால் ஏன் சாவதில்லை?

இம்மரத்தின் அடித்தண்டில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் உள்ளன. தரைக்கு மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்கின்றன. ஒரு தண்டு நின்ற இடத்தில் எட்டுப் பத்துக் கிளைகள் வெடித்து, மரம் புதராகிறது. ஆழத்தில் வேர் முழுப் பலத்தோடு இருப்பதால் வளர்ச்சியும் வேகமாக இருக்கும். இந்த இனத்து வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சுரங்கம் தோண்டியபோது, இதே இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் காணப்பட்டது.

நல்ல வேளையாக, அவ்வளவு வேரையும் தோண்ட வேண்டியதில்லை. மொட்டுகள் உள்ள பகுதி தரைக்குக் கீழே சுமார் ஒரு அடிக்குள்தான் இருக்கிறது. ஆணிவேரை ஒரு அடி ஆழத்தில் துண்டித்துத் தூரை வெளியே எடுத்துவிட்டால், மீதி வேர் மறுபடி துளிர்க்காது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இவ்வேலை பாதி உழைப்பில் முடியும்.

பொது இடங்களில் ஒழிப்பு ஏன் தோற்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். கண்மாயில் உள்ள மரங்களை ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுப்பவருக்கு வேண்டியது விறகு. தரைக்கு மேலே வெட்டினால் விறகு கிடைத்துவிடும். தூரைத் தோண்ட ஆள்கூலி கூடும். ஆகவே தூர் நின்றுவிடுகிறது. சில ஆண்டுகளில் மறுபடி ஏலம் விடும் அளவுக்கு மரம் வளர்ந்துவிடுகிறது. இதை அறுவடை என்று சொல்லலாமே தவிர ஒழிப்பு என்று சொல்ல முடியாது. ஏல நிபந்தனையிலேயே “தூரோடு அகற்ற வேண்டும், ஒரு மழைக்காலம் கழித்துத் துளிர் இல்லை என்று பார்த்த பிறகே வைப்புத்தொகை திருப்பித் தரப்படும்” என்று எழுதுவது நல்லது. தூரும் நல்ல கரி தரும் என்பதால் எடுத்தவருக்கும் முழு நட்டமில்லை. கண்மாய் மரங்கள் நீர்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தமானவை என்பதால், தனியாள் அனுமதியின்றி வெட்டக்கூடாது. கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்பதே முறை.

உண்மையும் கட்டுக்கதையும்

இந்த மரத்தைப் பற்றிப் பல பேச்சுகள் உலவுகின்றன. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்பவை அவற்றில் சில. இவற்றுக்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை. இது அவரைக் குடும்பத்து மரம், வேர்முடிச்சு மூலம் மண்ணில் தழைச்சத்தைக்கூடச் சேர்க்கிறது.

ஆதாரம் உள்ள தீமைகளே போதுமானவை. கோடையிலும் இலையோடு நிற்பதால், மற்றச் செடிகள் நீர் செலவழிக்காத காலத்திலும் இது ஆழத்து ஈரத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறது. உதிரும் இலையிலிருந்து கசியும் பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுப்பதால் அடியில் புல் வளர்வதில்லை. கண்மாய்க்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் அடர்ந்து நின்று நீரோட்டத்தைத் தடுத்து, வண்டலைத் தேக்குகிறது. முள் குத்திய காயம் ஆடு மாடுகளுக்கும் மனிதருக்கும் சீழ் பிடித்துத் துன்பம் தருகிறது.

வெட்டும் முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்டுக் கருவேலம் நம் மரம். கண்மாய்க் கரைக்கு அது அழகும் வருமானமும் ஆகும். அதன் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகிச் சாம்பல் நிறமாக இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ கம்பங்கதிர்போல் நீண்டு, பசுமஞ்சளாகத் தொங்கும். காய் இடையில் இறுகாமல் ஒரே சீராக நீண்டு மஞ்சளாக இருக்கும். இயந்திரம் இறங்குவதற்கு முன் நாட்டுக் கருவேலத்துக்குச் சுண்ணாம்பு அடையாளம் இட்டுவிட்டால் தவறு நேராது.

பார்த்தீனியம்: வரப்பில் நிற்கும் பகை

பார்த்தீனியம் 1950களின் நடுவில் புனே நகரில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு விதை வந்ததாகக் கருதப்படுகிறது. பிறகு இரயில் பாதை, லாரி டயர், மணல், எரு வழியாக நாடெங்கும் பரவிவிட்டது. முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பூக்கத் தொடங்கும். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். தொடர்ந்து தொடுவோருக்குத் தோல் அரிப்பும் படையும் வரும். மகரந்தம் சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். மாடு தின்றால் பால் கசக்கும்.

வரப்பில்தானே நிற்கிறது, பயிருக்கு என்ன என்று விவசாயிகள் சிலர் இருந்துவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலைப் பயிர் தண்டு கருகிப் பெருமளவில் அழிந்தது. காரணம் ஒரு நச்சுயிரி. அந்த நச்சுயிரி பார்த்தீனியச் செடியில் வெளியே தெரியாமல் தங்கியிருந்து, அதன் மகரந்தத்தோடு இலைப்பேன்கள் மூலம் கடலைக்கு வந்தது எனக் கண்டறியப்பட்டது. சூரியகாந்தியைத் தாக்கும் கருகல் நோய்க்கும் இதே நச்சுயிரிதான் காரணம். 2008இல் கோவைப் பகுதியில் தோன்றி மரவள்ளி, பப்பாளி, மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சியும் பார்த்தீனியத்தில் தங்கி வளர்ந்தது. வரப்பில் நிற்கும் இக்களை அடுத்த பருவத்துப் பூச்சிக்கும் நோய்க்கும் வீடு கொடுத்து வைத்திருக்கிறது.

பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்குவதே சிறந்த முறை. கையுறை அல்லது பாலிதீன் உறை கட்டாயம். பூக்காத செடியைக் குழியில் போட்டுச் சாணக் கரைசல் தெளித்து மட்க வைத்தால் நல்ல எரு. பூத்த செடியை எருக்குழியில் போடக்கூடாது. பயிர் இல்லாத சாலை ஓரம், காலிமனை ஆகியவற்றில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பு வீதம் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, பூக்கும் முன்பாக வெயில் நேரத்தில் செடி நனையத் தெளிக்கலாம். வயலில் உப்புக் கரைசல் தெளிக்கக்கூடாது, மண் கெடும்.

இதைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டு 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, சோதனைகளுக்குப் பின் 1984இல் வெளியிடப்பட்டது. வண்டும் புழுவும் மழைக்காலத்தில் இலையை மொட்டையாக்கும். கடும் வெயிலில் வண்டு மண்ணுக்குள் உறங்கிவிடும். மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையில் வெளிர் நிறச் சிறகில் கரும்பழுப்புக் கோடுள்ள வண்டைக் கண்டால் மருந்தடித்துக் கொன்றுவிடக் கூடாது, அது விவசாயியின் கூட்டாளி. பிடுங்கிய இடத்தைக் காலியாக விடாமல் ஆவாரை, தகரை, துத்தி விதைகளைத் தூவினால் பார்த்தீனியம் மறுபடி தலைதூக்க இடமிருக்காது.

வெங்காயத்தாமரை: பத்துச் செடி பத்தாயிரமாகும்

குளங்களை மூடும் இச்செடியை ஆகாயத்தாமரை என்றும் சொல்வதுண்டு. சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்பது வேறு சிறு செடி. காம்பு வெங்காயம்போல் உப்பி மிதக்கும் ஊதாப்பூச் செடிக்கு வெங்காயத்தாமரை என்பதே பொருத்தமான பெயர். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பூவின் அழகுக்காக வங்காளத்துக்கு வந்தது.

வாய்ப்பான நீரில் இரண்டு வாரத்தில் இது இரட்டிக்கும். பத்துச் செடிகள் இருபது வாரத்தில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். எனவே முதல் பத்துச் செடியை எடுப்பது ஒருவருக்கு அரைமணி நேர வேலை. ஐந்து மாதம் கழித்து அது ஊராட்சியால்கூட முடியாத வேலை. மூடிய நீரில் உயிர்க்காற்றுக் குறைந்து மீன் சாகும், கொசு பெருகும், மடையும் மதகும் அடைபடும். விதைகள் சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும். குளம் வற்றிச் செடி காய்ந்ததைக் கண்டு ஒழிந்தது என்று எண்ணிவிட முடியாது.

இதற்கு உணவு ஊர்ச் சாக்கடையும் வயலிலிருந்து வழியும் உரமும் ஆகும். சாக்கடையை அப்படியே விட்டுவிட்டுச் செடியை மட்டும் அள்ளுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. எடுத்த செடியைக் கரையிலேயே குவித்தால் அடுத்த வெள்ளத்தில் அதே செடி மறுபடி குளத்தில் இறங்கும். கரையைத் தாண்டி எடுத்துச்சென்று, வெயிலில் உலர்த்தி, தென்னை, வாழைக்கு மூடாக்காகப் போடலாம், அல்லது சாணத்தோடு அடுக்கி மட்க வைக்கலாம். ஆலைக்கழிவு கலந்த நீரில் வளர்ந்த செடியை எருவாக்கக்கூடாது. அது நஞ்சான உலோகங்களை ஈர்த்து வைத்திருக்கும்.

அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து 1982இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட கூன்வண்டுகள் அங்குள்ள ஏரிகளில் நல்ல பலன் தந்தன. ஆனால் அவை பெருகச் சில ஆண்டுகள் ஆகும், நீரும் வற்றாமல் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் காயும் நம் கண்மாய்களில் அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. குடிநீருக்கும் மீனுக்கும் உதவும் நீரில் களைக்கொல்லி தெளிக்கவே கூடாது.

மலையில் உன்னிச்செடி

உன்னிச்செடி 1809இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்தது. பழத்தைப் பறவைகள் தின்று பரப்பிவிட்டன. வருசநாடு, மேகமலைப் பகுதி 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும். அங்கே இச்செடியை அகற்றுவது வனத்துறையின் பொறுப்பு. மலையடிவாரத்து இலவம், முந்திரித் தோப்புகளில் அகற்றுவது தோப்புக்காரரின் பொறுப்பு. உன்னி மண்டினால் மலைமாடுகளுக்குப் புல் இல்லை, கோடையில் தீ வேகமாகப் பரவும். இதற்கும் வேர்ப்பகுதிதான் உயிர்நிலை. தரைக்குக் கீழே மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில் முதன்மை வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மறுபடி துளிர்க்காது. பழம் பிடிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

நீதிமன்றமும் அரசும்

2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக் கருவேல மரங்களை அகற்ற மாவட்ட ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டது. தென் மாவட்டங்கள் எங்கும் இயந்திரங்கள் இறங்கின. ஆனால் அவசரத்தில் தூர் நின்ற இடங்களும் உண்டு, நல்ல மரங்கள் சாய்ந்த இடங்களும் உண்டு. அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற வாதத்தின்மேல் அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி, அந்த இடத்தில் நம் நாட்டுத் தாவரங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு மீட்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று அது சொல்வதே முக்கியமான செய்தி.

அகற்றிய நிலத்தில் என்ன செய்யலாம்?

காலி நிலம் காலியாகவே இருக்காது. விவசாயி விதைக்காவிட்டால் களை விதைத்துக்கொள்ளும். தூர் எடுத்த புன்செயைக் கோடை உழவு செய்து, மழை கிடைத்ததும் கொள்ளு, தட்டைப்பயறு, தீவனச்சோளம் போன்ற நெருங்கி மூடும் பயிரை விதைக்க வேண்டும். இப்பயிர் வருமானம் குறைவாகத் தந்தாலும், முளைக்கும் கன்றை நிழலில் அமுக்கும், களை எடுக்க வயலுக்குள் ஆளையும் வரவழைக்கும்.

ஆள் கிடைக்காதவர்கள் புளி, நெல்லி, சீத்தா, வேம்பு போன்ற மரப்பயிருக்கு மாறலாம். நட்ட முதல் மூன்று ஆண்டுகள் மட்டும் கன்றுகளுக்கிடையே உழவு தேவை. வேலிக்காக வேலிக்காத்தானை விட்டுவைத்திருப்பவர்கள், அதை ஒரே நாளில் அழிக்காமல், வேலியோரம் கிளுவைப் போத்து நட்டு, அது வேர் பிடித்துச் செழித்த பிறகு பகுதி பகுதியாக எடுக்கலாம். நொச்சியும் பனையும் வரப்புக்கு ஏற்றவை. விறகையும் கரியையும் நம்பி வாழ்வோர் உள்ள ஊரில், பொது நிலத்தில் ஆண்டுக்கு ஒரு பகுதியாகத் தூரோடு எடுக்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்தால், பிழைப்பும் கெடாது, வேலையும் ஒழுங்காக முடியும்.

எப்போது எதைச் செய்வது?

பங்குனி, சித்திரை: அணைக்கரையிலும் கண்மாயிலும் நீர் இறங்கும் காலம். வெங்காயத்தாமரையைக் கரைக்கு அப்பால் அகற்றலாம். சீமைக் கருவேலங் காய் பழுத்து உதிரும் முன் காய்க்கும் மரங்களை முதலில் எடுக்க வேண்டும். எல்லா மரங்களையும் எடுக்க முடியாதபோது வாய்க்கால் ஓரத்து மரங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

ஆனி, ஆடி: முதல் மழைக்குப் பின் கிடை போட்ட வயலில் கன்று எடுத்தல், பூக்காத பார்த்தீனியத்தைப் பிடுங்குதல். ஆகஸ்டு 16 முதல் 22 வரை நாடெங்கும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்தப்படுகிறது. அந்த வாரத்தில் பள்ளி மாணவர்களைப் பிடுங்க விடாமல், அடையாளம் காட்டப் பழக்குவதே போதும்.

ஐப்பசி, கார்த்திகை: மண் இளகியிருக்கும் காலம். ஒரு அடி ஆழத்தில் வேரறுத்துத் தூர் எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை. கிளுவைப் போத்தும் மரக்கன்றும் நடலாம்.

மார்கழி, தை: சென்ற ஆண்டு தூர் எடுத்த இடத்தைத் திரும்பப் பார்க்கும் காலம். துளிர்த்தவற்றையும் புதிதாக முளைத்தவற்றையும் எடுத்துவிட வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் இதை விடாமல் செய்ய வேண்டும்.

களைக்கொல்லி அடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்காமல் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கிளைபோசேட் மருந்துக்கு மத்திய அரசு 2022இல் கட்டுப்பாடு விதித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒருவர் தம் நிலத்தைச் சுத்தம் செய்து, பக்கத்து நிலமும் மேலே உள்ள ஓடையும் முள்காடாகவே இருந்தால், அவர் உழைப்பு மூன்று ஆண்டில் வீணாகும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். அணைக்கு மேலே உள்ள ஊர்கள் தங்கள் ஓடைக்கரையில் காய்க்கும் மரத்தை எடுத்தால், அந்தப் பலன் அடுத்த வெள்ளத்திலேயே கீழே உள்ள ஊர்களுக்குத் தெரியும். கீழே உள்ளவர்களுக்கு வைகை தண்ணீர் கொண்டுபோக வேண்டுமே தவிர முள் கொண்டுபோகக் கூடாது. இந்த ஆண்டு தூர் எடுத்தவர்கள் அடுத்த தை மாதம் மண்வெட்டியோடு அதே இடத்துக்கு ஒருமுறை போய் வந்தால் போதும், பாதி வெற்றி கிடைத்துவிடும்.